ஒரே கோப்புக்கு ரெண்டு பொதி சண்டை போட்டா: கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, உபுண்டு 22.04-ல (லினக்ஸ்ல ஒரு வகை) புது நோட்ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுற மென்பொருள்) போட்டேன். ‘காமன்.ஜிப்பி’ கோப்பு ஏற்கெனவே லிப்நோட்-டெவ் பொதியில (பேக்கேஜ்ல) இருக்குன்னு பாதியில நின்னுருச்சு. ஃபோர்ஸ்-ஓவர்ரைட் (பழைய கோப்பு மேலேயே வலுக்கட்டாயமா எழுதுறது) கொடுக்கவா?

வேண்டாம் தம்பி. ஒரு டோக்கனுக்கு ஒரு படகுதானே கடலுக்குப் போகுது? பொதிகளை நிறுவுற டிபிகேஜியோட கணக்கும் அதேதான், ஒரு கோப்புக்கு ஒரு பொதிதான் சொந்தம். உபுண்டு தன்னோட பழைய நோட் 12-க்கான ஹெடர் கோப்புகளை லிப்நோட்-டெவ்னு தனியா பிரிச்சு வச்சிருக்கு. நீ வெளியிலிருந்து எடுத்த பொதி எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிட்டு வருது. பொதிகளை இறக்கவும் நீக்கவும் இருக்கிற கருவி ஆப்ட்; ‘சுடோ ஆப்ட் ரிமூவ் லிப்நோட்-டெவ்’ கொடுத்து அந்தப் பொதியை நீக்கிட்டு மறுபடி நிறுவு. வலுக்கட்டாயமா எழுதினா, லிப்நோட்-டெவ்வுக்கு அப்டேட் வர்ற அன்னைக்குத் திரும்பவும் மோதும். எந்தக் கோப்பு யாருதுன்னு தெரியணும்னா ‘டிபிகேஜி’யோட பெரிய எஸ் போட்டுக் கேளு.

கீழக்கரையிலிருந்து: காக்கா, ஜாவா 11, 17 ரெண்டும் இருக்கு. 17-க்கு மாத்திட்டேன், ஆனா கம்பைல் பண்றது 11-லயே நடக்குது.

‘ஜாவா’வை மட்டும் மாத்தியிருக்கீங்க. கம்பைல் பண்ற ‘ஜாவாசி’க்குத் தனி இணைப்பு. யூஎஸ்ஆர்-பின் ஃபோல்டர்ல இருக்கிற ஜாவா வெறும் சிம்லிங்க், அதாவது வேற கோப்புக்கு வழிகாட்டுற இணைப்பு. அது இடிசி-ஆல்டர்னேட்டிவ்ஸ் ஃபோல்டரைக் காட்டும், அங்கேயிருந்து இன்னொரு சிம்லிங்க் நிஜ நிரலுக்குப் போகும். ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கான்ஃபிக்’ ஜாவா, ஜாவாசி ரெண்டுக்கும் தனித்தனியா கொடுங்க. ‘அப்டேட்-ஜாவா-ஆல்டர்னேட்டிவ்ஸ்’ எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திரும். இன்னொண்ணு: ஆட்டோ நிலையில (கணினியே தேர்ந்தெடுக்கிறப்ப) முன்னுரிமை எண் பெரிசா இருக்கிறதுதான் ஜெயிக்கும். நீங்க கையால தேர்ந்தெடுத்தா மேனுவல் ஆயிரும், பிறகு ஜாவா 21 வந்தாலும் தானா மாறாது.

பாம்பனிலிருந்து: இதே வழியில பைத்தான்3-ஐ 3.10-லிருந்து 3.12-க்கு மாத்தினேன். இப்ப டெர்மினலே திறக்கலை.

இதைத்தான் எல்லாரையும் கெஞ்சிக் கேட்கிறேன், பைத்தான்3-ல கை வைக்காதீங்க. உபுண்டு அதை ஆல்டர்னேட்டிவ்ஸுக்குள்ள கொண்டுவராததுக்குக் காரணம் இருக்கு. க்னோம் டெர்மினலைத் திறக்கிற நிரல், ஆப்ட்டோட துணைக் கருவிகள் எல்லாம் 3.10-க்காகக் கட்டின மாட்யூல்களை நம்பி ஓடுது. பயப்படாதீங்க, மெஷின் போகலை. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அமுக்கி, வர்ற எழுத்துத் திரையில லாகின் பண்ணி உள்ளே போங்க. பைத்தான்3-க்கு ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் ரிமூவ்-ஆல்’ கொடுங்க. பிறகு சிம்லிங்க் போடுற ‘எல்என் -எஸ்எஃப்’ வச்சு யூஎஸ்ஆர்-பின் பைத்தான்3-ஐ 3.10-க்கே திருப்பிவிடுங்க. 3.12 வேணும்கிற இடத்துல ‘பைத்தான்3.12’னு முழுப் பேரையே கூப்பிடுங்க.

தேவிபட்டினத்திலிருந்து: டெபியன் 12-ல பிப் (பைத்தான் மாட்யூல்களை நிறுவுற கருவி) எதையும் நிறுவ மாட்டேங்குது.

அது தடை இல்லைம்மா, பாதுகாப்பு. ஆப்ட் வச்ச இடத்துல பிப் நுழையாம இருக்கத்தான். வேலைக்கு ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி, அதுக்குள்ள நிறுவிக்கோ.