டர்பனிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கடிதம்: முகவரியைத் தமிழிலேயே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் முழுக்கத் தமிழில் வேண்டாம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் தபால் நிலையத்தில் கடிதங்களை நாடுவாரியாகப் பிரிக்கிறவருக்கு எந்த நாடு என்று தெரிந்தால் போதும். அதனால் கடைசி வரியில் இந்தியா என்பதை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், அதற்குக் கீழே எதுவும் வரக்கூடாது. ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆள் பெயர், தெரு, 'மாரியம்மன் கோயில் எதிரில்' மாதிரி அடையாளமெல்லாம் தமிழில் இருந்தால் அங்கே தபால்காரருக்கு வசதிதான்.

பின்கோடுதான் உயிர். ஆறு இலக்கம், தமிழ்நாடு என்றால் 6-இல் தொடங்கும் (தஞ்சாவூருக்கு 613001). ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தாலும் இது காப்பாற்றிவிடும்.

அப்புறம், உங்கள் முகவரி. உறையின் பின்புறம் அல்லது முன்பக்கம் இடது மேல் மூலையில் எழுதுங்கள், தென்னாப்பிரிக்கா என்பதையும் சேர்த்து. நம் நாலு இலக்கத் தபால் குறியீடு தெரு முகவரிக்கு ஒன்று, தபால் பெட்டிக்கு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டர்பன் நகர மையத்தில் வீட்டுக்கு 4001, பெட்டிக்கு 4000.

உள்ளே துணிமணி ஏதாவது வைத்தால் சிஎன்22 சுங்கப் படிவம் ஒட்டவேண்டும். அதில் வெறுமனே 'பரிசு' என்று எழுதாதீர்கள், என்ன பொருள், என்ன விலை என்று எழுதுங்கள்.