ரோஜாவுக்குப் பக்கத்தில் என்ன நடலாம்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில், பத்துப் பன்னிரண்டு ரோஜாச் செடிகள் வைத்திருக்கிறேன். நடுவில் மண் வெறுமையாகக் கிடக்கிறது. ஹைட்ராஞ்சியா, அசேலியா, லாவண்டர் மூன்றையும் சேர்த்து வைக்க ஆசை. வைக்கலாமா? மழைக்காலத்தில் ரோஜா இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து எல்லாம் கொட்டிவிடுகின்றன. பக்கத்தில் வேறு செடி இருந்தால் அது குறையுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். குறையாது. செடிகளை நெருக்கி வைத்தால் கூடவும் செய்யும். கரும்புள்ளி நோய் பூஞ்சணத்தால் வருவது. அதன் வித்துகள் முளைத்து உள்ளே இறங்க, இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். சமவெளியில் மழை விட்டதும் வெயில் இலையைக் காய வைத்துவிடும். உங்கள் ஊரிலோ மழை விட்டாலும் பனிமூட்டம் விடுவதில்லை. அதனால் மலையில் ரோஜாவுக்குத் துணைச்செடி தேடும்போது, அது காற்றுக்கு வழி விடுமா என்று முதலில் பாருங்கள். பூவின் நிறம், வாசனை எல்லாம் அப்புறம்தான்.

ரோஜாக்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தைத் தாண்டும் எதுவும் வேண்டாம். குட்டையான செடியாக இருந்தாலும் ரோஜாவின் அடித்தண்டிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். அடிச்செடியில் ரோஜாவை ஒட்டுக் கட்டிய இடம் எப்போதும் கண்ணில் படவேண்டும். அதற்குக் கீழே அடிச்செடியிலிருந்து கிளம்பும் காட்டுக் கிளையை உடனே பிய்த்து எடுக்காவிட்டால், சில மாதங்களில் ஒட்டுச் செடியையே அமுக்கிவிடும். உயரமான புதர்களைக் கிழக்குப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். மத்தியானத்துக்குமேல் மேகம் இறங்கிவிடும் ஊரில், இரவு ஈரத்தைக் காய வைக்கக் காலை வெயில் ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்தது மண். தேயிலை நன்றாக வளர்கிறது என்றாலே அது அமில மண். நீலகிரியில் ஹைட்ராஞ்சியா அவ்வளவு நீலமாகப் பூப்பதும் இதனால்தான்: அமில மண்ணில் கரையும் அலுமினியத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. ரோஜாவுக்குக் கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தேயிலை மண் பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். ஆகவே அமிலத்தைக் குறைக்க, ரோஜாப் பாத்திக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் வகைப் பொடியைப் போட வேண்டியிருக்கும். மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுவதே சரி; அதுவரை சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தொடங்கலாம். தொழு உரத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாக வீணாகும், இரண்டுக்கும் இடையில் சில வாரமாவது விடுங்கள்.

டோலமைட் போட்ட பாத்தியில் அசேலியா வைத்தால், இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகிவிடும். ஹைட்ராஞ்சியா சாகாது, ஆனால் நீலம் மங்கி ஊதாவாகி, இளஞ்சிவப்புக்கே போய்விடும். அது நான்கைந்து அடிக்கு அடர்ந்து, தண்ணீருக்கும் ரோஜாவோடு போட்டி போடும். இரண்டையும் தனிப் பாத்தியில், சரிவின் மேல்புறத்தில் வையுங்கள். கீழ்ப்புறத்தில் வைத்தால் மழையில் கரைந்து வரும் சுண்ணாம்பு அவற்றின் வேருக்கே போய்ச் சேரும்.

லாவண்டருக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், தேங்கும் ஈரம் ஆகாது. தடுப்புச் சுவரின் விளிம்பிலோ, மணலும் சரளையும் கலந்த தொட்டியிலோ பிழைக்கும். பாத்திக்குள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். அதே ஊதா நிறம் பாத்தியில் வேண்டுமென்றால் நெப்பிட்டா வையுங்கள். குட்டையாகப் படரும், பூத்து முடிந்ததும் ஒட்ட வெட்டினால் மறுபடி பூக்கும்.

பாத்தியின் ஓரத்துக்கு என் முதல் தேர்வு டயாந்தஸ். ரோஜாவுக்காக நீங்கள் மாற்றிய மண் அதற்கும் பிடிக்கும், அரையடியிலிருந்து ஓரடிக்குள் நின்றுவிடும். நடுநடுவே அலிசம் தூவுங்கள். அது பல்லாண்டுச் செடி இல்லைதான். ஆனால் அதன் பூவைத் தேடி வரும் மிதவை ஈக்களின் புழுக்கள் ரோஜா மொட்டில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னும். தைலத்துக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் பயிரிட்ட ரோஜா மண ஜெரேனியமும் நல்ல துணை. அடிக்கடி கிள்ளிவிட்டுத் தாழ்வாக வையுங்கள். உறைபனி விழும் பள்ளத்தில் மட்டும் வேண்டாம், கருகிவிடும்.

புதர்களில், வடிகால் நன்றாக இருக்கும் மேட்டில் ரோஸ்மேரி, வடக்கு ஓரத்தில் நான்கடி தள்ளி அபீலியா அல்லது ஸ்பைரியா. அகபாந்தஸ் ரோஜாவோடு பார்க்க அழகுதான், ஆனால் கிழங்குவேர் இறுகப் பின்னிக்கொள்ளும். நடைபாதை ஓரத்தில் இருக்கட்டும்.

மெக்சிகன் டெய்சி, ஸ்காட்ச் புரூம், காலா லில்லி மூன்றையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தோட்டத்திலிருந்து தப்பி இவை நம் மலைச் சரிவுகளையும் புல்வெளிகளையும் சதுப்புகளையும் பிடித்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். ஜூன், ஜூலைச் சாரலில் நட்டுவிட்டால் அக்டோபருக்குள் வேர் பிடித்துவிடும். அதற்குள் புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். தண்ணீரைக் காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள்.