கேக்குதா கண்ணு?

அன்புள்ள அக்கா,

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு விதை கம்பெனியின் களப் பணியாளர் நான். மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் என்று தினமும் 80 கிலோமீட்டர் வண்டியில் சுற்றுகிறேன். பழைய போனில் சார்ஜ் நிற்பதில்லை. 22,000 ரூபாய்க்குள் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். 108 மெகாபிக்ஸல் கேமரா உள்ளது ஒன்று, 50 மெகாபிக்ஸல்தான் ஆனால் வேகமான சிப் உள்ளது ஒன்று, இரண்டில் எது என்று இருபது வீடியோ பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. நண்பர் ஒருவர், பழைய ஐபோன் வாங்கு, மரியாதை கிடைக்கும் என்கிறார். வண்டி ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்ப்பேன், பயிர் நோயைப் படமெடுத்து அனுப்புவேன், நாற்பது ஐம்பது விவசாயிகள் தினமும் கூப்பிடுவார்கள். எதை வாங்கலாம்?

ச.

அன்புள்ள தம்பி,

போன வாரம் அம்மாவுக்குப் போன் வாங்க ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். அங்கே மேசை நிறைய போன்கள். எல்லாவற்றிலும் படம் எடுக்கலாம், பாட்டு கேட்கலாம், விளையாடலாம். ஆனால் ஒன்றில்கூட சிம் கிடையாது. "அம்மா ஒரு தடவை இதில் பேசிப் பார்க்கட்டுமே" என்று கேட்டபோது அந்தப் பையனுக்கு நான் கேட்டதே புரியவில்லை. பேசுவதற்கான கருவியைப் பேசிப் பார்க்காமல்தான் வாங்க வேண்டுமாம். அந்த ஆற்றாமையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் உங்கள் கடிதம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 108 மெகாபிக்ஸல் என்று சொல்கிற கேமரா சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படத்தைத்தான் தரும். 50 என்பது நான்கை ஒன்றாக்கி 12.5 தரும். அதையும் வாட்ஸாப் பிழிந்துதான் அனுப்பும். உங்களுக்கு நெல் இலையில் குலைநோய்ப் புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? இலையை உங்கள் உடம்பு நிழலில் பிடியுங்கள், ஒரு அடி தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள், படத்தை டாக்குமெண்டாக அனுப்புங்கள். கேமராப் பேச்சு இத்தோடு போதும். சிப் வேகம்? நீங்கள் விளையாடுவதில்லை, விட்டுவிடுங்கள்.

பழைய ஐபோன் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சார்ஜ் நிற்கவில்லை என்று போன் மாற்றுகிற ஆள், யாரோ இரண்டு மூன்று வருடம் சார்ஜ் போட்டுத் தேய்த்த பேட்டரியைக் காசு கொடுத்து வாங்குவாரா? ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு, 500 முறை முழு சார்ஜ் ஆன பிறகு 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்பதுதான் ஆப்பிளே சொல்கிற கணக்கு. மரியாதைக்காக என்றால் இன்னும் தப்பு. புகையான் பூச்சி விழுந்த வயல் வரப்பில் நிற்கிற மனிதர் உங்கள் போனின் முதுகில் என்ன படம் போட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை தம்பி.

ஹேண்டில்பாரில் மாட்டுவதை இன்றே நிறுத்துங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்க கேமரா லென்ஸையே அசைக்கிற நுட்பம் பல போன்களில் இருக்கிறது. பைக் எஞ்சின் அதிர்வு ஹேண்டில் வழியாக ஏறினால் அது கெட்டுப்போகக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அது போக சித்திரை வெயிலில் அங்கேயே காய்கிற பேட்டரிக்கு ஆயுசு எப்படி இருக்கும்? தினமும் போய்வருகிற ஊர்களுக்கு மேப் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. புது ஊர் என்றால் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள்.

சரி, இப்போது என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கேமராவுக்கு ஒரு கேள்வி, சிப்புக்கு ஒரு கேள்வி, மரியாதைக்குக்கூட ஒரு வரி. "நாற்பது ஐம்பது விவசாயிகள் கூப்பிடுவார்கள்" என்பது மட்டும் கடைசியில், போகிற போக்கில். அதுதானே உங்கள் வேலை! உங்கள் குரல் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒரு நாளாவது யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

என் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். 2004-இல் முதல் செல்போன் வாங்கக் கடைக்குப் போனவர், கடைக்காரரின் சிம்மைப் போடச் சொல்லி ஒவ்வொரு போனாக வாங்கிக்கொண்டு, நாலு கடை தள்ளி கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டறை வாசலில் போய் நின்றார். நாங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் லேண்ட்லைனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முதல் போனில் வெறும் இரைச்சல். இரண்டாவதில் அப்பாவின் குரல் விட்டு விட்டு வந்தது. மூன்றாவதில், இரைச்சலுக்கு நடுவிலிருந்து, "கேக்குதா கண்ணு? அம்மாகிட்டக் குடு, அவளுக்குக் கேக்குதான்னு பாரு." அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேக்குதுங்க, நல்லாக் கேக்குதுங்க" என்றாள். அதைத்தான் வாங்கினார். டார்ச் வைத்த நோக்கியா 1100. கூட வேலை செய்த ஒருவர் கலர் டிஸ்ப்ளே போன் வைத்திருந்தார், அதைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா, நல்லாருக்குது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. தூசி உள்ளே போகாதபடி பட்டன் மேல் ஒரே ரப்பர் விரிப்பு, வழுக்காத பக்கவாட்டு. ரிக் வண்டி மேல் பாறைத் தூள் எப்படிப் படியும் என்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த ரப்பரின் அருமை தெரியும். அப்போது வெளி மாநிலத்தில் இருந்தால் வருகிற அழைப்புக்கும் காசு. அதனால் அப்பா பேசுவது ஒன்றரை நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. அந்த ஒன்றரை நிமிடத்தில் "என்ன? என்ன சொன்னீங்க?" என்று கேட்டே பாதி போய்விட்டால் ஒரு குடும்பம் எதை வைத்து ஓடும்? அவர் பட்டறை வாசலில் போய் நின்றது அதற்காகத்தான். எனக்கு இது புரிய ரொம்ப காலம் ஆனது.

2021-இல் நான் ஒரு போன் வாங்கினேன். விலை அதிகம், வீடியோக்காரர்கள் எல்லோரும் மெச்சியது. அப்பா அப்போது இல்லை, அம்மா ஊரில் தனியாக இருந்தாள். கொஞ்ச நாளில் அம்மா போனில் "ஆங்... சரி... சரி கண்ணு" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. பிறகு அவளாகக் கூப்பிடுவதும் நின்றது. காது போய்விட்டது என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயசுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பேச்சு கேட்காத அளவுக்கு இல்லை என்றார். இப்படியே எட்டு மாதம். ஒருநாள் என் போனில் சார்ஜ் இல்லாமல் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டேன், அம்மா இருபது நிமிடம் பேசினாள். ஆடு குட்டி போட்டது, கேஸ்காரர் வராதது, கிணற்றில் தண்ணீர் மட்டம், எல்லாம்.

போனின் மேல் விளிம்பில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது இரண்டாவது மைக். வாய்ப் பக்கத்து மைக் உங்கள் பேச்சையும் சுற்றுப்புறச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். மேலே உள்ளது பெரும்பாலும் சத்தத்தை வாங்கும். இரண்டையும் ஒப்பிட்டு சத்தத்தைக் கழிப்பது உள்ளே இருக்கிற மென்பொருளின் வேலை. நான் வாங்கிய கவர் வேறு மாடலுக்கு வெட்டியது, அந்தத் துளையை அப்படியே மூடியிருந்தது. கழிக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்று தெரியாமல் போன் என் பேச்சையே கடித்துத் துப்பியிருக்கிறது. கவரைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டேன். "இப்பத்தான் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குது" என்றாள் அம்மா. இவ்வளவு நாளாக அவளுக்குத் தன் காது மேல்தான் சந்தேகம், என் போன் மேல் இல்லை. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

உங்களைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். மருந்து தெளிக்கிற டேங்குக்கு எத்தனை மில்லி என்று கேட்பார்கள். நீங்கள் இருபது என்பீர்கள், அந்தப் பக்கம் அறுபது என்று கேட்டால் என்ன ஆகும்? பழைய 2ஜி அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் போகும். 4ஜி வழியாகப் போகிற வோல்ட்டி அழைப்பில் 50 முதல் 7,000 வரை போகும். ச, ஸ போன்ற எழுத்துகளின் உரசல் மேல் பகுதியில்தான் இருக்கிறது, வயதானவர்களின் காது முதலில் இழப்பதும் அந்த மேல் பகுதியைத்தான். உங்கள் போன் அமைப்பில் வோல்ட்டி அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய போனிலேயே பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பது 2ஜி பட்டன் போன் என்றால் அந்தக் குறுகிய பாதைதான் உங்களுக்கு, அப்போது உங்கள் மைக் இன்னும் நன்றாக இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. சில போன்களில் காதருகே கொண்டுபோனால் திரையை அணைக்கிற சென்சார் தனியாகக் கிடையாது, மென்பொருளே ஊகித்து அணைக்கும். ஊகம் தவறினால் உங்கள் கன்னம் மியூட் பொத்தானை அழுத்திவிடும். நீங்கள் மருந்து அளவு சொல்லிக்கொண்டே இருப்பீர்கள், அந்தப் பக்கம் ஒன்றும் போகாது.

கடையில் சிம் போட விடமாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்கிற இரண்டு மாடலும் உங்கள் கம்பெனியிலோ தெருவிலோ யாரிடமாவது இருக்கும். அரை மணி நேரம் கடன் கேளுங்கள். உங்கள் சிம்மைப் போட்டுக்கொண்டு, ஓடுகிற மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் நின்று, வீட்டில் வயதானவர் யாரையாவது கூப்பிட்டு, பத்து மருந்துப் பெயரும் பத்து அளவும் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் ஒரு தாளில் எழுதட்டும். ஐந்து நிமிடமாவது போன் கன்னத்தை ஒட்டியே இருக்கட்டும். அப்புறம் அதே இடத்தில் மதிய வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள், அது போதும். எந்தப் போனில் அவர் எழுதியதில் தப்பு குறைவோ அதை வாங்குங்கள். கவர் வாங்கும்போது மேல் விளிம்புத் துளையைப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்ததே தேறினால் மிச்சப் பணத்தில் வீட்டிலிருப்பவருக்கு ஒரு 4ஜி போன் வாங்கிக் கொடுங்கள்.

என் எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். வாங்கியதும் அந்தக் கொட்டகைப் பக்கத்திலிருந்தே கூப்பிடுங்கள், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா