கப்பலில் வரும் அக்காவுக்கு யானை காட்ட முடியுமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம், நான்கு பேர், ஜனவரியில் உல்லாசக் கப்பலில் திருகோணமலைக்கு வருகிறார்கள். காலை 8 மணிக்கு வரும் கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்பட்டுவிடும். யானைக் கூட்டம், தேயிலைத் தோட்டம், வாசனைத் திரவியத் தோட்டம் எல்லாம் ஒரே நாளில் என்று ஆளுக்கு 140 டொலர் கேட்கிறார்கள் கப்பல்காரர். நான் இங்கே வான் பிடித்தால் மலிவாக முடியும். எது நல்லது?
உப்புவெளி வாசகி

பதில்: காசைப் பார்க்க முதல் நேரத்தைப் பாருங்கள், சகோதரி. 5 மணிக் கப்பலுக்கு அரை மணியாவது முந்தி ஏறிவிட வேண்டும். காலையில் எல்லாரும் இறங்கி வெளியே வர 9 மணியாகிவிடும். யானை பார்க்கப் போகும் ஹபரணைப் பக்கம் இங்கிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர், போய்வரவே நான்கு மணித்தியாலம். மிச்ச நேரத்தில் ஜீப் சவாரியும் சாப்பாடும் அடங்கும், தோட்டம் அடங்காது. தேயிலை விளைவது மலைநாட்டிலும் தெற்குப் பக்கத்திலும்தான். கண்டிக்கே சுமார் 180 கிலோமீற்றர். அவர்கள் சொல்லும் தேயிலைத் தோட்டம் எந்த ஊரில் என்று அக்காவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தேயிலைக் கடை வாசலில் இறக்கிவிட்டு அதைத் தோட்டம் என்று சொன்னால், அந்த 140 டொலரில் பாதி வீண்.

யானைக்கு வருவோம். ஹபரணைக்குப் பக்கத்தில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மின்னேரியாக் குளத்தில் அவை நூற்றுக்கணக்கில் கூடும் காட்சி ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களுக்கு உரியது. குளம் வற்றினால்தான் கரையில் இளம்புல் முளைக்கும், அதைத் தேடித்தான் அவை வரும். ஜனவரியில் மாரி மழையால் குளம் நிரம்பியிருக்கும், யானைகள் காட்டுக்குள் பரந்துவிடும். வெளியே வருவதும் பெரும்பாலும் பின்னேரம்தான், உங்கள் அக்கா திரும்பி ஓட வேண்டிய நேரத்தில்.

பிள்ளைகள் யானைதான் வேண்டும் என்று நின்றால் கப்பல்காரரின் பயணத்திலேயே போகட்டும். அவர்கள் ஏற்பாடு செய்த பயணம் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். உங்கள் வானின் ரயர் கந்தளாயில் காற்றுப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு முழுக்க அக்காவின் தலையில். ஜீப்பும் பூங்காவின் நுழைவுச்சீட்டும் அந்த விலைக்குள் வருமா என்றும் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கூட.

நானென்றால் தூரமே போகமாட்டேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆளருகே வந்து நிற்கும், அப்படியே கோணேசர் கோயில், பிறகு கன்னியா வெந்நீரூற்று. நேரம் இருந்தால் கந்தளாய்க் குளம். ஜனவரியில் வழியெல்லாம் பச்சை வயல். புறாத்தீவை மட்டும் விடுங்கள், அந்த மாதம் கடல் கொந்தளிப்பு. மத்தியானம் உங்கள் வீட்டுச் சாப்பாடு. இதற்கு வான் போதும், சரி. எரிபொருள், காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். அப்புறம், காலநிலையால் கப்பல் இங்கே வராமலே போவதும் உண்டு. அப்படி நடந்தால் முற்பணம் திரும்பும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.