தூத்துக்குடியைத் தனியாக, ஒரே நாளில், நடந்தே பார்க்க முடியுமா?

கேள்வி: திருநெல்வேலியில் தங்கியிருக்கிறேன், ஒரு நாள்தான் ஓய்வு. தூத்துக்குடிக்குத் தனியாகப் போய், ஆட்டோ எடுக்காமல் பழைய ஊரைச் சுற்றிவிட்டு இரவு திரும்பலாமா?

தாராளமாக. ரயில் கடைசியாக வந்து நிற்கும் கீழூர் ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில்தான் பழைய ஊர் முழுக்க இருக்கிறது. வெயில் ஏறுமுன் கடலோரம், நடை சாத்துமுன் கோயில்கள், இருட்டிய பிறகு சாப்பாடு. இந்த வரிசையை மாற்றிப் போட்டால், பூட்டிய கதவுகளையும் காலிப் படகுத்துறையையும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் ஐந்து, ஐந்தரைக்கே பஸ் ஏறுங்கள். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ஆகும். தூத்துக்குடியிலும் பழையது, புதியது என்று இரண்டு நிலையங்கள். உங்கள் பஸ் எதற்குப் போகும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். புதிய நிலையத்தில் இறங்க நேர்ந்தால் கடற்கரைக்கு நடக்க வேண்டாம். டவுன் பஸ் பிடித்துப் பழைய நிலையத்துக்கு வந்து அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள். ரயில் என்றால் வாஞ்சி மணியாச்சி வழி. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது அந்த ஸ்டேஷனில்தான். ஆஷ் என்ற பெயரை மனதில் வையுங்கள், கடற்கரையில் மறுபடி வரும்.

நடையை வடக்கே திரேஸ்புரத்தில் ஆரம்பித்துத் தெற்கே வாருங்கள். அங்கே கரையில் நிற்பவை நாட்டுப் படகுகள், வள்ளங்கள். வலை பிரிப்பது, மீன் ஏலம் எல்லாம் காலையில் பார்க்கலாம். எந்நேரம் கரைக்கு வரும் என்பது வலையையும் காற்றையும் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று போனால் கரை ஓய்ந்திருக்கும். சங்கு குளிக்கிறவர்களும் இந்தப் பகுதிக்காரர்கள்தான். யாராவது பவளத்துண்டு விற்றால் வாங்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் வரும் பொருள். "தீவுக்குப் படகில் கூட்டிப் போறேன்" என்றாலும் ஏற வேண்டாம். வான் தீவு, காசுவார், காரியாசல்லி எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் அடக்கம், இறங்க அனுமதி கிடையாது. இந்தத் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை மறித்துக்கொள்வதால்தான் ஊர்க்கடல் குளம் மாதிரி கிடக்கிறது. திருச்செந்தூர் போல இறங்கிக் குளிக்கலாம் என்று துண்டோடு வராதீர்கள்.

தெற்கே நடந்தால் பழைய துறைமுகம். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் கேமராவை நீட்டினாலும் காவலுக்கு நிற்பவர் கூப்பிடுவார். வெளியிலிருந்தே தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகிற மரக்கலங்கள் அவை. 1914-இல் பாம்பன் பாலம் வருமுன் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியதும் இந்தக் கொழும்புப் பாதைக்காகத்தான். கடற்கரையோரமாகப் போகும் பீச் ரோட்டில் ஆஷுக்கு ஒரு நினைவு மண்டபம் நிற்கிறது. அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, 1750-இல் டச்சுக்காரர்கள் கட்டிய திரித்துவ ஆலயம். இங்கிலீஷ் சர்ச் என்று கேட்டால் வழி சொல்வார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து ஊர் 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போனதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. ஆராதனை இல்லாத நேரத்தில் பூட்டியிருக்கலாம், வெளியே நின்று பார்த்தாலும் போதும். பனிமய மாதா கோயிலுக்கு ஒன்பது, ஒன்பதரைக்குள் வந்துவிடலாம். இப்போதுள்ள கட்டடம் 1713-இல் எழுந்தது, 1982-இல் பசிலிக்கா என்ற பேராலயத் தகுதி பெற்றது. பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள், அரைக்கால் சட்டையும் வேண்டாம். ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. கூட்டத்துக்காகவே வருவதென்றால் அப்போது வாருங்கள். கட்டடம் பார்க்க அந்த நாட்கள் சரிப்படாது.

பிறகு மேற்கே ஊருக்குள் திரும்பி, பத்தரைக்குள் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும். பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பங்குனி முதல் ஆனி வரை என்றால் வழியில் பதநீர் கிடைக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும்.

மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை நடக்கவே கூடாது. பீச் ரோட்டில் நிழல் அரிது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மீன் குழம்புச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறி இருக்கிற இடத்தில் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பிரச்சினை வேறு: ஊர் தட்டையானது, பெரிய மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அந்த வாரம் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மாலை நான்கரைக்கு ரோச் பூங்கா, இரவில் மீன்பிடித் துறைமுகம் பக்கம். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவு ஒன்பது வாக்கில்தான் திரும்பும்; ஐந்து மணிக்கு ஏலம் பார்க்கப் போனால் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது படகு முழுக்கக் கட்டிக் கிடக்கும். இரவு ஏலம் பார்க்கத் தனியாகப் போகிறவர்கள் ஓரமாக நில்லுங்கள், தரை வழுக்கும், பெட்டி தூக்கி ஓடுகிறவர்களுக்கு நீங்கள் இடைஞ்சல்.

சாப்பாட்டுக்கு "நைட் கிளப்" என்று பலகை தெரிந்தால் பயப்பட வேண்டாம். இந்த ஊரில் அது பரோட்டா கடை. தனி ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சொல்லிவிட்டு, பிறகு வேண்டுமென்றால், "அண்ணாச்சி, ஒரு பொரிச்ச பரோட்டா" என்று கேளுங்கள்.

இந்த ஊர் இனிப்பான மக்ரூனை மட்டும் காலையில் வாங்கிவிடாதீர்கள். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரித் தூள், அவ்வளவுதான் அதில். கடல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடும், பையில் மற்ற சாமான் அழுத்தினால் நுனி நொறுங்கும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: மொறுமொறுவென்று உடைந்து வாயில் கரைய வேண்டும், பல்லில் ஒட்டினால் பழசு. கால் கிலோ போதும், காற்றுப் புகாத டப்பாவில் கேட்டு வாங்கிப் பையின் மேல்தட்டில் வையுங்கள். ஏலம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கடை மூடியிருக்கலாம் என்பதால், துறைமுகத்துக்குப் போகுமுன்பே வாங்கிவிடுவது நல்லது. நெல்லைக்குக் கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையில் இறங்கிய உடனே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.