மணிக்கணக்குச் சம்பளத்துக்கும் ஓவர்டைம் உண்டு

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். மணிக்கு 200 ரூபா. தீபாவளி நெருங்கினால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 10 மணித்தியாலம், சனி 5 மணித்தியாலம் வேலை. மணிக்கணக்கில் வாங்குகிறவருக்கு ஓவர்டைம் இல்லை என்கிறார் முதலாளி. உண்மையா? அந்தக் காசை நம்பி லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கலாமா?

பதில்: உண்மையில்லை தம்பி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. அதற்கு மேல் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு தரவேண்டும். ஓவர்டைம் வாரத்தில் 12 மணித்தியாலத்தைத் தாண்டவும் கூடாது.

உங்கள் வாரத்தையே பார்ப்போம். மொத்தம் 55 மணித்தியாலம். 45 போக மிச்சம் 10. அதற்கு 300 ரூபா வீதம் 3,000 வரவேண்டும். உங்கள் கைக்கு வருவது 2,000. வாரத்துக்கு 1,000 ரூபா குறைகிறது. பக்கத்தில் நிற்பவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தை 240ஆல் பிரித்து மணிக்கூலி எடுப்பார்கள். 48,000 வாங்குபவருக்கும் அதே 200தான் வரும், ஓவர்டைமும் அதே 300தான்.

இன்றைக்கே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். திகதி, கடைக்குள் வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பிய நேரம், வெளியேறிய நேரம் என்று ஐந்தையும் அன்றன்றே எழுதுங்கள். சம்பளத் துண்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். முதலில் கணக்கைக் காட்டி முதலாளியிடம் அமைதியாகக் கேளுங்கள். தெரியாமல் சொல்லியிருக்கவும் கூடும். மசியவில்லை என்றால் திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். கொப்பி அங்கே பெரிய துணை.

அப்புறம் ஒன்று. ஓவர்டைம் காசுக்கு ஊழியர் சேமலாப நிதி கழிபடாது, சேராது. ஆனால் வழமையான சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கட்டாயம் போகவேண்டும். போகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். எனக்கு அந்த 1,000 ரூபாவை விட இதுதான் கவலை.

லீசிங்? இப்போது வேண்டாம். தீபாவளி முடிந்தால் ஓவர்டைமும் நின்றுவிடும், தவணை நிற்காது. வழமையான சம்பளத்தில் மட்டும் தவணை கட்டமுடிந்தால் எடுங்கள். இல்லையென்றால் சீசன் காசை வங்கியில் போட்டு, முற்பணத்துக்குச் சேருங்கள்.