மலைக்கும் சமவெளிக்கும் ஒரே உருளைக்கிழங்கு ரகம், குஃப்ரி ஜோதி: வாசகர் கேள்வி-பதில்

கிருஷ்ணகிரியில் ஆகஸ்டில் குஃப்ரி ஜோதி நட்டேன். செடி தளதளவென்று வளர்ந்தும், கிழங்கு கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை. உரம் போதவில்லையா?

உரம் அல்ல, இரவு வெப்பம்தான் காரணம். கிழங்கு பிடிக்க 15 முதல் 18 டிகிரி வரை இரவுக் குளிர் வேண்டும். 20-ஐத் தாண்டினால் செடி சர்க்கரையை மண்ணுக்கு அனுப்பாமல் தண்டிலும் இலையிலும் செலவழித்துவிடும். ஊட்டியில் இரவுக் குளிர் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் உண்டு. உங்களுக்கு டிசம்பர், ஜனவரியில்தான். நட்ட 30 முதல் 45 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும் என்பதால், அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் நடுங்கள். மலையில் 120, 130 நாள் நிற்கும் ரகம் சமவெளியில் 90, 100 நாளில் முடிந்துவிடும். யூரியாவைப் பாதி அடியுரமாகவும், மீதியை 30-ஆம் நாள் செடியின் அடியில் மண் அணைக்கும்போதும் கொடுங்கள். பிந்திப் போடும் யூரியா தழையைத்தான் வளர்க்கும்.

நீலகிரியில் நண்பர் தோட்டத்துக் கிழங்கை விதைக்குக் கொண்டுவரலாமா?

வேண்டவே வேண்டாம். 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்புழு) ஒட்டியிருக்கும் மண்ணோடு வந்துவிடும். அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை இருப்பதும் அதனால்தான். பூக்கும் தருணத்தில் செடியை மண்ணோடு மெல்லத் தூக்கிப் பார்த்தால், வேரில் குண்டூசித் தலை அளவில் வெள்ளையாகவும் பொன்மஞ்சளாகவும் மணிகள் தெரியும். அவை பழுத்துப் பழுப்பாகி உதிர்ந்தால், உள்ளிருக்கும் முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஜோதிக்கு இதைத் தாங்கும் திறன் இல்லை. நூற்புழு உள்ள மலை நிலத்துக்கு குஃப்ரி ஸ்வர்ணா ரகம் ஏற்றது; அதையும் ஆண்டுதோறும் போடாமல் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றிப் பயிரிட வேண்டும். சமவெளிக்குச் சான்று பெற்ற விதையே வாங்குங்கள்.

குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்த விதை பாதி அழுகிவிட்டது. ஏன்?

எடுத்த கையோடு நட்டிருப்பீர்கள். 2 முதல் 4 டிகிரியில் கிடந்த கிழங்கு வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த ஈரத்தில் அழுகல் பிடிக்கும். நடுவதற்கு 10 நாள் முன்பே எடுத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குட்டையான, தடித்த பச்சை முளை வர வேண்டும். வெளிறி நீண்ட முளை நடும்போதே ஒடிந்துவிடும். 40, 50 கிராம் கிழங்கை முழுதாகவே நடலாம். பெரியதை வெட்டினால் துண்டுக்கு முளை வரும் கண் 2 ஆவது இருக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட ஓரிரு நாள் நிழலில் விடுங்கள்.

கிழங்கில் வெடிப்பு வருகிறதே?

ஜோதிக்கு வெடிக்கும் குணம் கொஞ்சம் உண்டு. காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால் அதிகமாகும். பாரின் (செடி நிற்கும் மண்மேட்டின்) உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர் ஏறாமல், அளவாக அடிக்கடி பாய்ச்சுங்கள்.

இலைக்கருகலைத் தாங்கும் ரகம் என்றார்களே, மலையில் மருந்து தேவையா?

தேவை. 1968-இல் ஜோதி வெளிவந்தபோது இருந்த எதிர்ப்புத் திறனை இன்று நம்ப முடியாது. மூடுபனி தொடர்ந்தால், புள்ளி விழும் முன்பே மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். காலையில் இலையைத் திருப்பும்போது கருகலின் ஓரத்தில் வெண்பூஞ்சை தெரிந்தால், மேன்கோசெப் மட்டும் போதாது. சைமோக்சனில் என்ற பூஞ்சைக்கொல்லியும் கலந்த மருந்து வேண்டும்.